யாரும் தொடாமலே கேமரா ஆன் ஆகுமா? வீடியோ மீட்டிங் கருவிகளில் ஒளிந்திருக்கும் 'சி.எஸ்.ஆர்.எஃப்' ஓட்டை: கோவை, திருப்பூர் நிறுவனங்கள் கவனிக்க வேண்டியது என்ன?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். மாலை நாலு மணிக்கு ஜெர்மனி பையருடன் வீடியோ மீட்டிங். நூல் என்ன விலை, பீஸுக்கு எத்தனை சென்ட், டெலிவரி எப்போது என எல்லாமே அந்தத் திரையில்தான் பேசி முடிவாகும். பக்கத்து கம்பெனிக்கு அது தெரிந்தால் ஆர்டரே கை மாறிப் போகலாம்.

அந்த மீட்டிங் அறையில் இருக்கும் கருவியின் செட்டிங்கை வெளியாள் ஒருவர் மாற்ற முடியுமா? அலுவலகத்துக்குள் வராமல், பாஸ்வேர்டைத் திருடாமல், வைரஸ் எதுவும் அனுப்பாமல்?

சில கருவிகளில் முடிந்திருக்கிறது. அதற்கு வழிவிட்ட ஓட்டையின் பெயர் 'கிராஸ் சைட் ரெக்வெஸ்ட் ஃபோர்ஜரி', சுருக்கமாக சி.எஸ்.ஆர்.எஃப். ஜூம், சிஸ்கோ போன்ற பெரிய நிறுவனங்களே இதிலும் இதை ஒட்டிய ஓட்டைகளிலும் சிக்கியிருக்கின்றன. என்ன நடந்தது, நமக்கு இதில் என்ன இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

சி.எஸ்.ஆர்.எஃப் என்றால் என்ன?

ஒரு மில்லை உதாரணமாக எடுத்துக்குவோம். முதலாளியின் கார் வந்தாலே வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடுவார். டிரைவர் கொண்டுவரும் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ, மேனேஜர் அதைச் செய்துவிடுவார். இருபது வருஷப் பழக்கம், யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஒருநாள் டீக்கடையில் வண்டியை நிறுத்தும்போது யாரோ ஒருவர் டிரைவர் கையில் ஒரு சீட்டைத் திணிக்கிறார். "மேனேஜர்கிட்ட குடுத்துருங்க" என்கிறார். டிரைவர் பிரித்துப் பார்க்கவில்லை. மேனேஜரும் யோசிக்கவில்லை. முதலாளி கார், முதலாளி டிரைவர், அப்போ முதலாளி உத்தரவுதான் என்று நினைத்து, சீட்டில் இருந்தபடி குடோன் சாவியைக் கொடுத்துவிடுகிறார்.

இங்கே டிரைவர்தான் உங்கள் பிரவுசர். முதலாளி கார் என்பது, நீங்கள் ஏற்கெனவே லாக்-இன் செய்திருப்பதைக் காட்டும் குக்கீ. மேனேஜர்தான் வீடியோ மீட்டிங் சர்வர். டீக்கடையில் நின்றவர், நீங்கள் இன்னொரு டேபில் திறந்த ஏதோ ஒரு இணையப் பக்கம்.

ஒரு இணையதளத்துக்கு எந்தக் கோரிக்கை போனாலும், அந்தத் தளத்துக்கான குக்கீயைப் பிரவுசர் தானாகவே சேர்த்து அனுப்பும். கோரிக்கையை நீங்கள் விரும்பி அனுப்பினீர்களா, வேறொரு பக்கம் உங்களை வைத்து அனுப்பியதா என்று பிரவுசர் பிரித்துப் பார்க்காது. இந்த வெகுளித்தனம்தான் சி.எஸ்.ஆர்.எஃப்-க்கு மூலதனம்.

ஒன்றைக் கவனியுங்கள். தாக்குபவரால் சர்வர் திருப்பிச் சொல்லும் பதிலைப் பொதுவாகப் படிக்க முடியாது, உத்தரவு மட்டுமே போட முடியும். 'புது அட்மின் கணக்கு உருவாக்கு', 'பாஸ்வேர்டை மாற்று', 'இந்த மீட்டிங்கில் சேர்' என்பதெல்லாம் வெறும் உத்தரவுதானே? ஒரே ஒரு உத்தரவு போதும்.

2019: ஒரு படம் திறந்தது, கேமராவும் திறந்தது

2019 ஜூலை 8. ஜோனதன் லைட்ஷு என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஒரு அதிர்ச்சித் தகவலை வெளியிட்டார். ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் ஜூம் போட்டிருப்பவர் குறிப்பிட்ட வகையில் தயாரித்த ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தாலே போதும். அவர் அனுமதி இல்லாமல் ஒரு மீட்டிங்கில் சேர்க்கப்படுவார். கேமராவும் ஆன் ஆகிவிடலாம்.

எப்படி? சஃபாரி பிரவுசரில் மீட்டிங் லிங்கைத் தட்டினால், 'ஜூமைத் திறக்கலாமா?' என்று கூடுதலாக ஒரு கேள்வி வரும். அந்த ஒரு கிளிக்கை மிச்சப்படுத்துவதற்காக, ஜூம் நிறுவனம் பயனரின் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு குட்டி வெப் சர்வரை ரகசியமாக ஓடவிட்டிருந்தது. 19421 என்ற போர்ட்டில் அது எப்போதும் காது கொடுத்துக் காத்திருக்கும். யார் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் பார்க்காது.

ஒரு பக்கத்தில் படம் காட்டுவதுபோல ஒரு வரியை எழுதி, அதில் இந்தக் குட்டி சர்வரின் முகவரியைப் போட்டாலே பிரவுசர் போய்க் கதவைத் தட்டிவிடும். டீக்கடைச் சீட்டு கதைதான், இடம் மட்டும் சொந்தக் கம்ப்யூட்டர்.

இன்னொரு கொடுமை: ஜூமை அன்-இன்ஸ்டால் செய்தாலும் அந்தக் குட்டி சர்வர் போகாது. லிங்க் வந்தால் ஜூமைத் தானே மறுபடியும் போட்டுக்கொள்ளும்.

லைட்ஷு இதை மார்ச் மாதமே நிறுவனத்திடம் சொல்லிவிட்டார். 90 நாள் அவகாசம் கொடுத்தார். அதற்குள் முழுத் தீர்வு வராததால் வெளியில் சொன்னார். மறுநாளே அந்தச் சர்வரை நீக்கும் அப்டேட்டை ஜூம் வெளியிட்டது. அதற்கும் அடுத்த நாள் ஆப்பிள் நிறுவனமே களத்தில் இறங்கி, பயனர் எதையும் தட்டத் தேவையில்லாத அப்டேட் மூலம் அதை அழித்தது.

2020: பிரிட்டன் அமைச்சரவைக் கூட்டமும் ஆறு இலக்க எண்ணும்

அடுத்த சம்பவம் கொரோனா ஊரடங்கின் தொடக்கத்தில். 2020 மார்ச் 31 அன்று அப்போதைய பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன், ஜூமில் நடந்த அமைச்சரவைக் கூட்டத்தின் படத்தை ட்விட்டரில் போட்டார். அதில் மீட்டிங் எண் பளிச்சென்று தெரிந்தது. பாஸ்வேர்டு இருக்கிறதே, என்ன பயம் என்று பலரும் நினைத்தார்கள்.

டாம் ஆண்டனி என்ற ஆய்வாளருக்குச் சந்தேகம் வந்தது. ஜூம் தானாகக் கொடுக்கும் பாஸ்வேர்டு அப்போது ஆறு இலக்க எண். அதாவது மொத்தமே 10 லட்சம் வாய்ப்புகள். ஜூமின் பிரவுசர் வழியில், தப்பாகப் போட்டால் நிறுத்தும் ஏற்பாடு எதுவும் இல்லை என்று அவர் கண்டுபிடித்தார். போலிக் கோரிக்கையைத் தடுக்க வேண்டிய சி.எஸ்.ஆர்.எஃப் டோக்கனை எடுத்துவிட்டு அனுப்பினாலும் சர்வர் ஏற்றுக்கொண்டது. பூட்டு தொங்குகிறது, ஆனால் பூட்டவில்லை என்ற கதை.

சோதனையில் ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்து, சுமார் 91,000 எண்களைப் போட்டுப் பார்த்து, 25 நிமிடத்தில் ஒரு மீட்டிங்கின் பாஸ்வேர்டைப் பிடித்தார். ஏப்ரல் 1-ம் தேதி ஜூமிடம் தெரிவித்தார். ஏப்ரல் 2-ம் தேதி ஜூம் தன் பிரவுசர் சேவையையே நிறுத்தி, ஒரு வாரத்தில் சரி செய்தது. ஜூலை மாதம்தான் இது வெளியுலகுக்குத் தெரிந்தது.

இங்கே முக்கியக் குற்றவாளி, முயற்சிகளை எண்ணாமல் விட்டதுதான். சி.எஸ்.ஆர்.எஃப் டோக்கனைச் சரிபார்க்காதது வேலையை இன்னும் சுலபமாக்கியது. அந்தக் குறையை மட்டும் அடைத்திருந்தாலும் தாக்குதல் நின்றிருக்காது என்பதை ஆண்டனியே சொல்லியிருக்கிறார்.

ஆறு இலக்க எண்ணின் பலவீனம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர் லக்ஷ்மண் முத்தையா, 2019-லேயே இன்ஸ்டாகிராமின் ஆறு இலக்க ரீசெட் எண்ணில் இதே போன்ற குறையை நிரூபித்து, ஃபேஸ்புக்கிடம் 30,000 டாலர் பரிசு வாங்கினார்.

2024: சிஸ்கோவின் 9.6

மேலே சொன்ன இரண்டும் சி.எஸ்.ஆர்.எஃப் ஓட்டைக்கு நெருங்கிய சொந்தம். 2024 பிப்ரவரி 7-ம் தேதி சிஸ்கோ வெளியிட்டது, அசல் சி.எஸ்.ஆர்.எஃப்.

பெரிய நிறுவனங்களில் 'சிஸ்கோ எக்ஸ்பிரஸ்வே' என்றொரு கருவி இருக்கும். வெளியில் இருப்பவர் அலுவலகத்தின் உள் வீடியோ மீட்டிங்கில் சேர உதவும் நுழைவாயில் இது. இதில் மூன்று ஓட்டைகள் இருப்பதாகச் சிஸ்கோ அறிவித்தது. அவற்றில் இரண்டுக்கு, ஆபத்து அளவு பத்துக்கு 9.6. மூன்றாவதுக்கு 8.2.

இணையத்தில் எங்கோ இருக்கும் ஒருவர், அட்மின் லாக்-இன்னில் இருக்கும் நேரத்தில் அவரை ஒரு லிங்க்கைத் தட்ட வைத்தால் போதும். அட்மின் பெயரிலேயே கருவியின் செட்டிங்கை மாற்றலாம், முழு அதிகாரம் கொண்ட புதிய கணக்கையும் உருவாக்கலாம். 9.6 வாங்கிய இரண்டில் ஒன்று, கருவியைப் பெட்டியில் இருந்து எடுத்து வைத்த நிலையிலேயே இருந்தது. இன்னொன்றுக்குத் தனியாக ஒரு வசதியை ஆன் செய்திருக்க வேண்டும்.

இதில் இரண்டு விஷயம் நமக்கு முக்கியம்.

முதலாவது, சில இடங்களில் அப்டேட் போட்டால் மட்டும் போதாது. அதன் பிறகு சி.எஸ்.ஆர்.எஃப் பாதுகாப்பை ஒரு கட்டளை கொடுத்து ஆன் செய்ய வேண்டும். 'அப்டேட் பண்ணியாச்சு சார்' என்ற ஒரு வரியோடு வேலை முடியவில்லை.

இரண்டாவது, எக்ஸ்பிரஸ்வேக்கு முந்தைய தலைமுறையான 'டெலிபிரசன்ஸ் வி.சி.எஸ்' கருவிக்கு 2023 டிசம்பர் 31-ம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. அதனால் அதற்குத் திருத்தம் வராது என்றது சிஸ்கோ. அதாவது கருவி ஓடும், படம் தெளிவாக வரும், ஓட்டையும் அப்படியே இருக்கும்.

இதனால் நிஜமாக யாராவது பாதிக்கப்பட்டிருக்கிறார்களா?

நியாயமான கேள்வி. மேலே சொன்ன மூன்றையும் கண்டுபிடித்தவர்கள் நல்லவர்கள். சிஸ்கோ அறிவித்த நேரத்தில், அதை யாரும் தாக்குதலுக்குப் பயன்படுத்தியதாகத் தகவல் இல்லை.

ஆனால் இதே உத்தி வேறு கருவியில் நிஜமாகவே நடந்திருக்கிறது. 2008 ஜனவரியில் மெக்சிகோவில் வாழ்த்து அட்டைபோல ஒரு மின்னஞ்சல் வந்தது. அதற்குள் படம்போல மறைத்து வைத்த வரி, வீட்டு இன்டர்நெட் மோடத்தின் செட்டிங்கை மாற்றியது. அதன்பின் அந்த வீட்டில் இருந்து ஒரு வங்கியின் முகவரியைச் சரியாக டைப் செய்தாலும் போலித் தளமே திறந்தது. சைமன்டெக் நிறுவனம் இதை ஆவணப்படுத்தியிருக்கிறது.

வீட்டு மோடமும் மீட்டிங் அறைக் கருவியும் அடிப்படையில் ஒன்றுதான். இரண்டிலும் பிரவுசரில் திறக்கும் அட்மின் பக்கம் இருக்கும். பொருத்திய அன்று வைத்த பாஸ்வேர்டு பல இடங்களில் அப்படியே இருக்கும்.

கொங்கு மண்டலத்துக்கு ஏன் இது முக்கியம்?

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி மட்டும் ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய். கோவையில் பம்ப், மோட்டார், ஜவுளி இயந்திரங்கள், கரூரில் வீட்டு உபயோகத் துணிகள் என வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசாத தொழிலே இங்கு குறைவு. கொரோனாவுக்குப் பிறகு அந்தப் பேச்சில் பெரும்பங்கு வீடியோவுக்கு மாறிவிட்டது. கல்லூரி, மருத்துவமனை, நீதிமன்றம் எங்கும் இதே நிலைதான்.

சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் இருக்கும் பெரிய ஐ.டி. நிறுவனங்களில் பாதுகாப்புக்கென்று தனிக் குழு இருக்கும். சிக்கல் இருப்பது நடுத்தர, சிறு நிறுவனங்களில். அங்கே கம்ப்யூட்டர், வைஃபை, சி.சி.டி.வி, பயோமெட்ரிக், மீட்டிங் ரூம் டி.வி. எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்தான். அவர் கம்ப்யூட்டரில் ஒரு டேபில் மீட்டிங் கருவியின் அட்மின் பக்கம், இன்னொரு டேபில் மெயில், அடுத்த டேபில் கிரிக்கெட் ஸ்கோர். சி.எஸ்.ஆர்.எஃப் கேட்பது இதைவிட அதிகம் எதுவும் இல்லை.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. மோட்டார் காயில் எரிந்தால் ரீவைண்டிங் செய்து இன்னும் பத்து வருஷம் ஓட்டுகிற ஊர் இது. பழைய தறியை ஒட்டுப்போட்டே மகன் காலம் வரை ஓட்டியவர்கள் உண்டு. அந்தச் சிக்கனம்தான் இந்தத் தொழில்களை வளர்த்தது, அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மோட்டாருக்கு வயதானால் சத்தம் கொடுத்துக் காட்டிவிடும். சாஃப்ட்வேருக்கு வயதானால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆதரவு முடிந்த கருவியை 'நல்லாத்தானுங்க ஓடுது' என்று வைத்திருப்பதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

டிஜிட்டல் அரெஸ்ட்டும் இதுவும் ஒன்றா?

இல்லை. போலீஸ் யூனிஃபார்மில் வீடியோ காலில் வந்து மிரட்டிப் பணம் பறிப்பது 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடி. அங்கே ஏமாறுவது மனிதர். சி.எஸ்.ஆர்.எஃப்-ல் ஏமாறுவது பிரவுசரும் சர்வரும். முன்னதில் உஷாராக இருந்தால் தப்பிக்கலாம். பின்னதில் நீங்கள் எவ்வளவு உஷாராக இருந்தாலும், கருவி சரியாக எழுதப்படாவிட்டால் மாட்டிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

அரசும் பிரவுசர் நிறுவனங்களும் என்ன செய்தன?

2020 ஏப்ரல் 16-ம் தேதி, ஜூம் பாதுகாப்பான தளம் அல்ல, அரசு அதிகாரிகள் அலுவல் பணிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் ஒருங்கிணைப்பு மையம் அறிவுறுத்தியது. உள்நாட்டிலேயே வீடியோ மீட்டிங் செயலி உருவாக்க மத்திய அரசு நடத்திய போட்டியில், கேரளாவின் ஆலப்புழாவைச் சேர்ந்த டெக்ஜென்ஷியா நிறுவனம் முதலிடம் பிடித்தது. உள்நாட்டுச் செயலி என்பது நல்ல விஷயம்தான். ஆனால் சி.எஸ்.ஆர்.எஃப் நாடு பார்த்து வருவதில்லை. எந்த ஊரில் எழுதினாலும் டோக்கனைச் சரிபார்க்க மறந்தால் ஓட்டை ஓட்டைதான்.

2022 ஏப்ரல் 28-ம் தேதி வந்த செர்ட்-இன் உத்தரவுப்படி, சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அதைத் தெரிவிக்க வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்குச் சில மாதங்கள் கூடுதல் அவகாசம் தரப்பட்டதே தவிர, விலக்கு இல்லை. 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவையான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு வழி செய்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக அமலுக்கு வருகின்றன.

பிரவுசர் பக்கம் முக்கியமான மாற்றம் 2020-ல் வந்தது. வேறொரு தளத்தில் இருந்து கிளம்பும் கோரிக்கையோடு குக்கீயைத் தானாகச் சேர்க்காத 'சேம்-சைட்' முறையைக் கூகுள் குரோம் பிப்ரவரியில் தொடங்கியது. கொரோனா நேரத்தில் முக்கியத் தளங்கள் உடைந்துவிடக் கூடாது என்று ஏப்ரலில் நிறுத்தி, ஜூலையில் மீண்டும் ஆரம்பித்தது. 2025 அக்டோபரில் வந்த குரோம் 142, ஒரு இணையதளம் உங்கள் அலுவலக நெட்வொர்க்கில் இருக்கும் கருவியைத் தொட முயன்றால் உங்களிடம் அனுமதி கேட்கிறது.

அப்போ பிரச்னை முடிந்ததா? இல்லை. சேம்-சைட் முறை குக்கீயை மட்டும்தான் காக்கும். லிங்க்கைத் தட்டி நேராகத் தளத்துக்கே போனால் குக்கீயும் கூடவே போகும். பழைய கருவிகள் சில, குக்கீக்குப் பதிலாகப் பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் பாஸ்வேர்டையே நம்புகின்றன. அனுமதி கேட்கும் பெட்டி வந்தால், படிக்காமல் 'அலவ்' தட்டுகிற பழக்கமும் நம்மிடம் இருக்கிறது.

உங்கள் அலுவலகத்தில் என்ன செய்யலாம்?

• மீட்டிங் கருவிகளின் அட்மின் வேலைக்குத் தனி பிரவுசர் வையுங்கள். அதில் மெயில், செய்தி, ஷாப்பிங் எதுவும் வேண்டாம். வேலை முடிந்ததும் டேபை மூடினால் மட்டும் போதாது, லாக்-அவுட் செய்யுங்கள்.

• கருவி வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள்.

• அட்மின் பக்கம் விருந்தினர் வைஃபையில் இருந்தும், வெளி இணையத்தில் இருந்தும் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் மூடுங்கள்.

• மாதம் ஒருமுறை அட்மின் கணக்குகளின் பட்டியலைப் பாருங்கள். தெரியாத பெயர் ஒன்று இருந்தாலும் விடாதீர்கள்.

• கருவியின் மாடலைச் சொல்லி, 'இதுக்கு அப்டேட் இன்னும் எத்தனை வருஷம் வரும்?' என்று விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஆதரவு முடிந்திருந்தால் மாற்றத் திட்டமிடுங்கள். அதுவரை தனி நெட்வொர்க்கில் ஒதுக்கி வையுங்கள்.

• அப்டேட் போட்ட பிறகு, அதோடு வந்த குறிப்பைப் படித்துக் கூடுதலாக ஏதாவது ஆன் செய்ய வேண்டுமா என்று உறுதிப்படுத்துங்கள்.

• மொபைல், லேப்டாப்பில் பேசுபவர்கள்: பயன்படுத்தாத மீட்டிங் செயலிகளை நீக்குங்கள், மீட்டிங் எண் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டை எங்கும் போடாதீர்கள், சேரும்போது கேமரா ஆஃப்-ல் இருக்கும்படி செட்டிங் வையுங்கள்.

• பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

சொந்தமாகச் செயலி எழுதும் கோவை இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மில் கதைக்குத் திரும்புவோம். முதலாளியும் மேனேஜரும் தினமும் காலையில் புதிதாக ஒரு ரகசிய எண்ணைப் பேசி வைத்துக்கொண்டால்? அந்த எண் இல்லாத சீட்டை மேனேஜர் கிழித்துப் போட்டுவிடுவார். டீக்கடைக்காரருக்கு அந்த எண் தெரிய வழியில்லை. சி.எஸ்.ஆர்.எஃப் டோக்கன் என்பது அவ்வளவுதான். பெரும்பாலான மென்பொருள் கட்டமைப்புகளில் இது தயாராகவே இருக்கிறது. ஆன் செய்வதோடு விடாமல், அது இல்லாத கோரிக்கையைச் சர்வர் மறுக்கிறதா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

யார் பொறுப்பு?

சைபர் குற்றம் என்றாலே 'தெரியாத லிங்க்கைத் தட்டாதீங்க' என்று மக்களிடம்தான் சொல்கிறோம். ஆனால் 2019-ல் மேக் வைத்திருந்தவர் செய்த தப்பு என்ன? ஒரு பக்கத்தைத் திறந்தார், அவ்வளவுதான். ஒரு கிளிக்கை மிச்சப்படுத்த ரகசியக் கதவு வைத்தது நிறுவனம். சிஸ்கோ அட்மின் லிங்க் தட்டியிருந்தாலும், உத்தரவு உண்மையானதா என்று கருவி கேட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

டிரைவரைத் திட்டுவது சுலபம். சீட்டைச் சரிபார்க்காத மேனேஜரைத்தான் முதலில் கேட்க வேண்டும். அடுத்த முறை மீட்டிங் ரூமுக்குக் கருவி வாங்கும்போது, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதோடு இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: 'ஓட்டை வந்தா யார் அடைப்பாங்க, எத்தனை வருஷத்துக்கு?' பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் விலை குறைவாக இருந்தாலும் யோசிப்பது நல்லதுங்க.